நிலவுக்குப் போகும் ராக்கெட்டில் சிறு செயற்கைக்கோளை ஏற்றுவது எப்படி?

செயற்கைக்கோளை வடிவமைப்பதற்கு முன்பே ராக்கெட்டில் இடத்தை உறுதி செய்யுங்கள். பெரும்பாலும் ராக்கெட்டின் மேல் அடுக்குக்கும் முதன்மைக் கலத்துக்கும் நடுவே உள்ள அடாப்டர் வளையத்தில்தான் இடம் கிடைக்கும். 2022 நவம்பர் 16-இல் கிளம்பிய நாசாவின் ஆளில்லா நிலவுப் பயணமான ஆர்ட்டெமிஸ் 1-இல் 10 க்யூப்சாட்கள் (கனசதுர அலகுகளால் அளக்கப்படும் சிறு செயற்கைக்கோள்கள்) அப்படித்தான் போயின. ஒவ்வொன்றும் 6யூ (ஆறு அலகு), அதாவது சுமார் 10×20×30 செ.மீ.

முதன்மைப் பயணத்துக்கு உங்களால் துளியும் ஆபத்து வரக்கூடாது. க்யூப்சாட்டை வைத்து வெளியே தள்ளிவிடும் பெட்டியை விட்டு வெளியே வரும்வரை மின்சுற்று துண்டிக்கப்பட்டே இருக்கும்படி சுவிட்சுகள் வையுங்கள். க்யூப்சாட் விதிப்படி பிரிந்து 30 நிமிடம் கழித்தே ஆன்டெனாவை விரிக்கலாம், 45 நிமிடம் கழித்தே ரேடியோவை இயக்கலாம்.

பலரும் கோட்டைவிடுவது பேட்டரியில். ஆர்ட்டெமிஸ் 1 க்யூப்சாட்கள் 2021-இலேயே பொருத்தப்பட்டு ஓராண்டுக்கு மேல் காத்திருந்தன. சிலவற்றுக்கு மறுபடி சார்ஜ் ஏற்ற வழியே இல்லை. அணைந்த நிலையிலும் சுற்று 50 மைக்ரோ ஆம்பியர் இழுத்தால், ஓராண்டின் 8,760 மணி நேரத்தில் 438 மில்லி ஆம்பியர்-மணி போய்விடும். 3,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி செல்லில் அது ஏறக்குறைய 15 சதவீதம். செல் தானாக இழப்பது தனி. ஆகவே கசிவை அளந்து பாருங்கள். பெட்டிக்குள் இருக்கும்போதே எட்டும்படி சார்ஜ் துளை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

பூமியைச் சுற்றும் க்யூப்சாட்களில் சுழற்சியை அடக்கும் காந்தச் சுருள் இங்கே உதவாது. அது பற்றிக்கொள்ளும் அளவுக்குக் காந்தப்புலம் அங்கில்லை. கலத்தைத் திருப்ப உள்ளே சுழலும் எதிர்வினைச் சக்கரங்கள் வேக எல்லையைத் தொட்டதும் அந்தச் சுழற்சியை இறக்க வாயு உந்துவிசை வேண்டும். ஆர்ட்டெமிஸ் 1-இல் போன ஜப்பானின் ஒமோடெனாஷி க்யூப்சாட் வேகமாகச் சுழன்றது, சோலார் செல்கள் சூரியனுக்கு எதிர்ப்புறம் திரும்பியிருந்தன. மின்சாரம் தீர்ந்து, தரையிறங்கும் முயற்சியே கைவிடப்பட்டது. விரியும் சோலார் பேனலை மட்டும் நம்பாமல் எல்லா முகங்களிலும் கொஞ்சமாவது சோலார் செல் ஒட்டுங்கள்.

ராக்கெட் உங்கள் கலத்தை நிலவைத் தாண்டும் பாதையில் விட்டுவிட்டுப் போகும். அங்கிருந்து நிலவின் தாழ்ந்த சுற்றுப்பாதையில் நுழைய வினாடிக்கு ஏறக்குறைய 800 முதல் 900 மீட்டர் வேகமாற்றம் தேவை. அதே ராக்கெட்டில் போன லூனா-ஹெச்-மேப் க்யூப்சாட்டின் வால்வு ஒட்டிக்கொண்டதால் எஞ்சின் கிளம்பவில்லை, நிலவைக் கடந்து போய்விட்டது. உந்துபொருள் கலனை நிரப்பி, நீங்கள் காத்திருக்கப்போகும் காலத்துக்கு ஈடாகக் கிடப்பில் வைத்து, அதன்பின் வால்வைத் திறந்து சோதியுங்கள். புதிதாகச் செய்த குழாய் என்பதால் உள்ளே துகள் இருக்காது என்று நினைக்காதீர்கள். நிரப்பும் முன் கழுவி வடிகட்டுங்கள்.

உங்கள் கலத்தின் எடையும் ஈர்ப்பு மையமும் ஒத்த டம்மி ஒன்றும், கலம் தாமதமானால் அதன் இடத்தில் வைக்க, தயாராக இருக்கட்டும். ஆர்ட்டெமிஸ் 1-இல் ஒதுக்கிய 13 இடங்களில் 3 கலங்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. ராக்கெட் அவற்றுக்காக நிற்கவில்லை.