அனுப்பிய மெசேஜைத் திருத்த எவ்வளவு நேரம் கிடைக்கும்? படிப்படியான செய்முறை விளக்கம்

அனுப்பிய மெசேஜில் ஒரு தப்பு கண்ணில் பட்டதும் பலர் அதை அவசரமாக அழித்துவிடுகிறார்கள். சிலர் கீழே ஒரு நட்சத்திரக் குறி போட்டுச் சரியான சொல்லை மறுபடி அனுப்புகிறார்கள். போன மெசேஜையே திறந்து திருத்தும் வசதி இப்போது வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல், ஐமெசேஜ் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றிலும் அதற்கு ஒரு கெடு உண்டு. கெடு தாண்டினால் எடிட் என்ற பட்டனே காணாமல் போய்விடும். "நேற்று இருந்ததே, இன்று எங்கே போனது?" என்று போனைக் குடைபவர்களுக்கு விடை பெரும்பாலும் இதுதான்.

கெடு எதற்கு? நீங்கள் "கூட்டம் 5 மணிக்கு" என்று போடுகிறீர்கள். பத்துப் பேர் "சரி" என்கிறார்கள். மறுநாள் நீங்கள் அந்த 5-ஐ 6 ஆக்கிவிட்டால், அந்தப் பத்து "சரி"யும் அவர்கள் சொல்லாத ஒன்றுக்குச் சொன்னதாக ஆகிவிடும். எழுத்துப் பிழையைச் சரிசெய்ய அவகாசம் வேண்டும், பேச்சை மாற்ற இடம் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கெடுவை வைக்கிறார்கள். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

படி 1: எந்தச் செயலியில் எவ்வளவு நேரம்?

வாட்ஸ்அப்பில் திருத்த 15 நிமிடம். 2023 மே மாதம் இந்த வசதி வந்தது. அந்த 15 நிமிடத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். டெலிகிராமில் 48 மணி நேரம். சிக்னலில் 24 மணி நேரம், ஒரு மெசேஜை 10 முறை வரை. ஐபோனின் ஐமெசேஜில் 15 நிமிடம், 5 முறை வரை. அனுப்பியதைத் திரும்பப் பெற அங்கே 2 நிமிடம்தான். சாதாரண எஸ்எம்எஸ்ஸில் திருத்த வழியே இல்லை, போனது போனதுதான்.

கெடு, நீங்கள் அனுப்பிய நேரத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது. எதிராளி இன்னும் படிக்கவில்லை என்பதற்காக அது காத்திருக்காது.

படி 2: வாட்ஸ்அப்பில் திருத்திப் பாருங்கள்

பழகுவதற்கு யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணுக்கே மெசேஜ் அனுப்பிக்கொள்ளலாம். புதிய சாட் தொடங்கும் இடத்தில் தொடர்புப் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கும். அதைத் திறந்து ஏதாவது இரண்டு சொல்லைத் தப்பாக அடித்து அனுப்புங்கள்.

இப்போது அந்த மெசேஜின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். ஐபோனில் உடனே ஒரு பட்டியல் விரியும், அதில் எடிட் இருக்கும். ஆண்ட்ராய்டில் திரையின் மேல் வலது மூலையில் மூன்று புள்ளிகள் தெரியும். அதைத் தொட்டால் எடிட் வரும். கணினியில் வாட்ஸ்அப் வெப் பயன்படுத்துபவர்கள் மெசேஜின்மேல் மவுஸை வைத்தால் ஓரத்தில் சின்ன அம்புக்குறி தெரியும். அதற்குள் இருக்கிறது.

எடிட்டைத் தொட்டதும் பழைய வரி முழுசாக எழுதும் பெட்டிக்குள் வந்து உட்காரும். தப்பை மட்டும் மாற்றிவிட்டு டிக் குறியைத் தட்டுங்கள், அவ்வளவுதான். நேரத்துக்குப் பக்கத்தில், திருத்தப்பட்டது என்று சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு சேர்ந்துகொள்ளும். அதை மறைக்க முடியாது. முன்பு என்ன எழுதியிருந்தீர்கள் என்பதை வாட்ஸ்அப் மற்றவர்களுக்குக் காட்டாது. சிக்னலும் ஐமெசேஜும் அப்படியல்ல. அங்கே குறிப்பைத் தொட்டால் பழைய வடிவங்கள் வரிசையாக வந்து நிற்கும். அழகுபடுத்துவதற்கு முன் இது நினைவில் இருக்கட்டும்.

படி 3: திருத்தினால் போதுமா, பார்த்துவிட்டார்களா?

புதியவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது. திருத்தும்போது எதிராளிக்குப் புதிய அறிவிப்பு ஒன்றும் போகாது. முதலில் போன அறிவிப்பை அவர் ஏற்கெனவே படித்துவிட்டிருந்தால், நீங்கள் திருத்தியது அவருக்குத் தெரியாமலே போகலாம்.

ஓர் உதாரணம். "அப்பா பத்திரமாக இறங்கிவிட்டார்" என்று அடிக்க நினைக்கிறீர்கள். விசைப்பலகை தானாக நீட்டிய சொல்லைக் கவனிக்காமல் தொட்டதில், "இறந்துவிட்டார்" என்று போய்விடுகிறது. அடுத்த நொடியே திருத்திவிட்டீர்கள், திரையில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் மறுமுனையில் இருப்பவர், பூட்டிய திரையில் வந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பைத் திறக்கத் தைரியமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். இந்த மாதிரி நேரத்தில் திருத்துவது இரண்டாவது வேலை, முதல் வேலை போன் போடுவது.

அப்படி அவசரமில்லாத விஷயமென்றால், மெசேஜை அழுத்திப் பிடித்து இன்ஃபோ என்பதைத் திறந்து பாருங்கள். எப்போது போய்ச் சேர்ந்தது, எப்போது படிக்கப்பட்டது என்ற நேரம் தெரியும். குழுவில் போட்ட மெசேஜ் என்றால் யார் யார் படித்தார்கள் என்பதே பெயரோடு வரும். படித்ததைக் காட்டும் வசதியை அணைத்து வைத்திருந்தால் தனி சாட்டில் இது தெரியாது.

என் வழக்கம் இது: யாரும் பதில் சொல்லாதவரை, எழுத்துப் பிழையோ விடுபட்ட சொல்லோ எதுவானாலும் திருத்துவேன். ஒருவர் பதில் போட்ட பிறகு, நேரம், தேதி, தொகை, "வேண்டும்", "வேண்டாம்" போன்றவற்றைத் தொடவே மாட்டேன். கெடு மிச்சமிருந்தாலும் கீழே புதிதாக எழுதுவேன்.

படி 4: அழிப்பதற்கு வேறு கெடு

தப்பான ஆளுக்கே போய்விட்டது என்றால் திருத்திப் பயனில்லை, அழிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அழிக்கும் வசதி 2017-இல் வந்தபோது வெறும் 7 நிமிடம்தான் தந்தார்கள். இப்போது 2 நாளுக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆக, 15 நிமிடம் தாண்டித் திருத்த முடியாத மெசேஜையும் மறுநாள் அழிக்க முடியும்.

அழுத்திப் பிடித்து, குப்பைத்தொட்டிப் படத்தைத் தொடுங்கள். இங்கே நிதானம் தேவை. டெலீட் ஃபார் எவ்ரிஒன், டெலீட் ஃபார் மீ என்று இரண்டு வரும். பதற்றத்தில் இரண்டாவதைத் தொட்டால் மெசேஜ் உங்கள் போனிலிருந்து மட்டும் போய்விடும், எதிராளியிடம் அப்படியே இருக்கும். உங்கள் பக்கம் மெசேஜே இல்லை என்பதால் பிறகு அதை அழிக்கவும் முடியாது. அப்படித் தொட்டுவிட்டால் கைவிடாதீர்கள். திரையின் அடியில் சில நொடிகளுக்கு அன்டூ என்று ஒரு பட்டை தெரியும். உடனே அதைத் தொட்டால் மெசேஜ் திரும்பி வரும், பிறகு சரியானதைத் தேர்ந்தெடுக்கலாம்.

எல்லோருக்கும் அழித்தாலும், அழிக்கப்பட்டது என்ற அடையாளம் அந்த இடத்தில் நிற்கும். தவிர, ஆண்ட்ராய்டு 11 முதல் போனிலேயே அறிவிப்பு வரலாறு என்ற வசதி உண்டு. அதை இயக்கி வைத்திருப்பவர், நீங்கள் அழித்த மெசேஜின் அறிவிப்பை அதில் படிக்க வாய்ப்பிருக்கிறது. கடவுச்சொல், ஓடிபி மாதிரியானவை தப்பாகப் போயிருந்தால், அழித்ததோடு நிம்மதியாகிவிடாமல் கடவுச்சொல்லையே மாற்றிவிடுங்கள்.

படி 5: டெலிகிராம்

வழி ஏறக்குறைய அதேதான், எடிட் அல்லது பென்சில் படம். 48 மணி நேரம் கிடைப்பதால் பரபரப்பில்லை. சேவ்டு மெசேஜஸில் உங்களுக்கே எழுதி வைக்கும் குறிப்புகளுக்குக் கெடு கிடையாது, பழகிப் பார்க்கவும் அதுவே தோதான இடம். அழிக்கும்போது மறுபக்கத்திலும் அழி என்ற கட்டத்தை டிக் செய்ய மறக்காதீர்கள்.

படி 6: ஜிமெயிலில் 5 நொடியை 30 ஆக்குங்கள்

போய்ச் சேர்ந்த மின்னஞ்சலை ஜிமெயிலில் திருத்த முடியாது. ஆனால் அனுப்பு பட்டனைத் தட்டியதும் ஜிமெயில் அதைச் சில நொடிகள் தன்னிடமே நிறுத்தி வைக்கிறது. அதற்குள் அன்டூ தட்டினால் கடிதம் மறுபடி வரைவாகத் திறக்கும். முதலில் இருப்பது 5 நொடி. இணைப்பை வைக்க மறந்தது நினைவுக்கு வரவே அது பற்றாது.

கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மேல் வலது பக்கப் பல்சக்கரத்தைத் தொட்டு, எல்லா அமைப்புகளையும் காட்டும் பட்டனைத் தட்டுங்கள். முதல் பக்கமான ஜெனரலில் அன்டூ சென்ட் என்ற வரி இருக்கும். 5, 10, 20, 30 என்று நான்கு தேர்வுகள். 30-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டு, பக்கத்தின் அடிவரை இறங்கி, சேவ் சேஞ்சஸைத் தட்டுங்கள். அதைத் தட்டாமல் வெளியே வந்தால் எதுவும் மாறியிருக்காது. அனுப்பிய பிறகு அன்டூ பட்டை மறையும்வரை அந்தப் பக்கத்தை மூடாமல் வைத்திருங்கள்.

படி 7: கெடு தாண்டிவிட்டதா?

தப்பான மெசேஜுக்கே ரிப்ளை கொடுங்கள். அப்போது பழைய வரியும் புதிய வரியும் சேர்ந்தே தெரியும். முதல் சொல்லாக "திருத்தம்" என்று போட்டு, எது தப்பு, எது சரி இரண்டையும் எழுதுங்கள்: "திருத்தம்: கூட்டம் செவ்வாய் இல்லை, புதன். நேரம் அதே 5 மணி." மாறாத விவரத்தையும் சொல்லிவிட்டால், "அப்போ நேரமும் மாறிவிட்டதா?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். பெரிய குழு என்றால், அந்தத் திருத்தம் சாட்டின் மேலேயே நிற்கும்படி அதைப் 'பின்' (pin) செய்து வையுங்கள். மின்னஞ்சலில் என்றால், முதல் கடிதம் யார் யாருக்குப் போனதோ அத்தனை பேருக்கும் ரிப்ளை ஆல் கொடுத்து, இதே வரியைக் கடிதத்தின் முதல் வரியாக வையுங்கள்.