பாஸ்கல் முக்கோணத்தில் வகுபடும் எண்கள்: பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வொரு எண்ணும் மேல் வரிசையில் உள்ள இரண்டு எண்களின் கூட்டல் என்று அடுக்குவதுதான் பாஸ்கல் முக்கோணம். அதைப் போட்டுப் பழக, செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையே போதும். சதுரம் சதுரமாகக் கட்டம் தயாராக இருக்கிறது. சாக்பீஸால் எண்ணை எழுதலாம், புளியங்கொட்டையை வைத்தும் பார்க்கலாம். காரைக்குடிக்கு விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் இதை ஆசையாகத்தான் போடுகிறார்கள். ஆனால் எல்லோரும் அதே சில இடங்களில் சறுக்குகிறார்கள்.

முதலில் கட்டம். புத்தகத்தில் முக்கோணம் கூம்பாக இருக்கும், மேலே உள்ள இரண்டையும் கூட்டு என்றால் புரிந்துவிடும். சதுரத் தரையில் அதை இடது ஓரமாக ஒதுக்கிப் போட வேண்டும். அப்போது கூட்ட வேண்டியது நேர் மேலே உள்ள எண்ணையும், அதற்கு இடப்பக்கம் உள்ள எண்ணையும். சிலர் மேல் கட்டத்தோடு, அதே வரிசையில் இடப்பக்கம் உள்ளதைக் கூட்டிவிடுவார்கள். அதே எண்கள்தான் வரும் என்பதால் தவறு கண்ணில் படாது. ஆனால் வரிசைகள் சாய்ந்துவிடும்: 1, 4, 6, 4, 1 இருக்க வேண்டிய இடத்தில் 1, 5, 15, 35 என்று போகும். ஒரு வரிசையின் கூட்டுத்தொகை முந்தினதைப் போல இரண்டு மடங்கா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்புறம், உச்சியில் இருக்கும் ஒற்றை 1 பூஜ்யமாவது வரிசை. இதை மறந்தால் 1, 7, 21, 35, 35, 21, 7, 1 என்பது 8ஆவது வரிசை ஆகிவிடும், கீழே சொல்லும் எந்த விதியும் பொருந்தாது.

இனி பெரிய தவறு. ஓரத்து 1களை விட்டால், உள்ளே இருக்கும் எல்லா எண்களும் வரிசை எண்ணால் வகுபடும் என்று பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். 2, 3 சரி. 4இல் 6 வந்து கெடுக்கும். 5, 7 மறுபடி சரி. உடனே "ஒற்றைப்படை வரிசை என்றால் வகுபடும்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். 9ஆவது வரிசை வரை பொறுமையாக எழுதினால் 84 வரும், அது 9ஆல் வகுபடாது. விதி பகா எண்களுக்கு மட்டுமே. காரணம் பின்னத்தைப் பார்த்தாலே தெரியும். 7ஆவது வரிசையில் 35 என்பது 7×6×5 ஐ 1×2×3 ஆல் வகுத்தது. பகுதியில் எல்லாம் 7ஐவிடச் சிறிய எண்கள், 7 பகா எண், ஆகவே அதை யாரும் அடிக்க முடியாது. 6ஆவது வரிசையில் 15 என்பது 6×5 ஐ 1×2 ஆல் வகுத்தது. அந்த 2, ஆறுக்குள் இருந்த 2ஐ அடித்துவிடுகிறது. 9ஆவது வரிசையில் 9 போனாலும் 3 தங்குகிறது: 9, 36, 84, 126 எல்லாமே 3இன் மடங்கு. 6, 15, 20க்கோ 1ஐத் தவிர பொதுக் காரணியே இல்லை.

புளியங்கொட்டை வைக்கும்போது இன்னொரு சிக்கல். 2ஆல் வகுபடாத இடத்தில் கொட்டை, வகுபடும் இடம் காலி என்று வைத்தால், மேலே இரண்டில் ஒன்றில் மட்டும் கொட்டை இருந்தால் கீழே கொட்டை, இல்லையென்றால் காலி என்று எண்ணே தெரியாமல் அடுத்த வரிசைக்கு இறங்கலாம். இதே முறையை 3க்கும் கொண்டுபோகக் கூடாது. 5ஆவது வரிசை 1, 5, 10, 10, 5, 1. மூன்றால் வகுத்த மீதி 1, 2, 1, 1, 2, 1, எல்லாமே கொட்டைதான். ஆனால் அடுத்த வரிசையில் 1+2 காலியாகிறது, 1+1 காலியாவதில்லை. மீதி 1க்குப் புளியங்கொட்டை, மீதி 2க்குச் சோழி என்று இரண்டு வகை வைத்தால்தான் கணக்கு நிற்கும்.

எல்லாம் ஒற்றைப்படையாக இருக்கும் வரிசைகள் 1, 3, 7, 15 என்று போகும். 5ஐ எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஒரு பகா எண்ணால் வகுத்தால் வரும் மீதியை நேரடியாகக் கண்டுபிடிக்க, பிரெஞ்சுக் கணிதர் எட்வார் லூக்கா (Lucas) 1878இல் தந்த வழி இருக்கிறது. 8ஆவது வரிசையின் 3ஆவது இடத்தை எடுங்கள் (இடத்தையும் பூஜ்யத்திலிருந்துதான் எண்ண வேண்டும்). மூன்றால் வகுத்த மீதி வேண்டுமென்றால், மூன்றடிமானத்தில் (0, 1, 2 இலக்கங்களை மட்டும் வைத்து, 3இன் அடுக்குகளாக எழுதும் முறையில்) 8 என்பது 22, 3 என்பது 10. இலக்கத்துக்கு இலக்கம் முக்கோணத்திலேயே பார்த்தால் 2ஆவது வரிசையின் 1ஆவது இடம் 2, பூஜ்யமாவது இடம் 1. பெருக்கினால் 2. அந்த இடத்தில் இருக்கும் 56ஐ மூன்றால் வகுத்தாலும் மீதி 2தான். 4 பகா எண் இல்லை, இதை 4க்குப் போடாதீர்கள்: 4ஆவது வரிசையின் நடுவில் இருக்கும் 6க்கு மீதி 0 என்று காட்டும், உண்மையில் மீதி 2. 6ஆல் வகுபடுமா என்று பார்க்க 2க்கும் 3க்கும் தனித்தனியே போட்டால் போதும். 4க்கு அப்படிப் பிரிக்க வழியில்லை, மீதிகளை வைத்து வரிசை வரிசையாகக் கூட்டிக்கொண்டே இறங்கலாம்.