ஜார் வீழ்ந்ததையும் போல்ஷ்விக்குகள் வென்றதையும் எப்படிப் படிப்பது

1917ஆம் ஆண்டு ரஷ்யாவைப் பற்றிப் படிக்க உட்காருபவர் முதலில் ஒரு தாளை எடுத்து, இரண்டு தேதிகளை நன்றாக இடைவெளி விட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மார்ச் 15 அன்று ரஷ்யப் பேரரசரான ஜார் இரண்டாம் நிக்கோலாஸ் முடி துறந்தார். நவம்பர் 7 அன்று லெனின் தலைமையிலான புரட்சிக் கட்சியினரான போல்ஷ்விக்குகள் தலைநகர் பெட்ரோகிராடைக் கைப்பற்றினார்கள். போல்ஷ்விக்குகள் ஜாரைக் கவிழ்த்தார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடுபவர்கள் நடுவில் இருக்கும் எட்டு மாதங்களை விழுங்கிவிடுகிறார்கள். ஜார் வீழ்ந்த வாரத்தில் லெனின் சூரிச்சில் இருந்தார், ட்ராட்ஸ்கி நியூயார்க்கில் இருந்தார், ஸ்டாலின் சைபீரியாவில் நாடுகடத்தல் தண்டனையை அனுபவித்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு ஜனவரியில்தான், வரப்போகும் புரட்சியின் இறுதிப் போர்களைத் தம் தலைமுறை கண்ணால் காணாமலே போகலாம் என்று லெனின் ஒரு கூட்டத்தில் பேசியிருந்தார்.

தேதிகளில் ஒரு சிக்கல் உண்டு. ரஷ்யா அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. அது 13 நாட்கள் பின்தங்கியது. நவம்பரில் நடந்தது ‘அக்டோபர் புரட்சி’ ஆனது அதனால்தான். 1918 ஜனவரி 31க்கு மறுநாளை பிப்ரவரி 14 என்று அறிவித்து இந்தக் குழப்பத்தை முடித்தார்கள். எந்த நூலைத் திறந்தாலும் அது எந்த நாட்காட்டியில் பேசுகிறது என்பதை முன்னுரையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லாம் புதிய நாட்காட்டித் தேதிகளே.

அடுத்து, வீழ்ச்சியைப் படிக்கும்போது கூட்டத்தின் அளவைவிட, சுடச் சொன்னபோது சிப்பாய் என்ன செய்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். 1905இலும் வேலைநிறுத்தம் இருந்தது, கலகம் இருந்தது, ஜப்பானிடம் தோற்ற அவமானமும் இருந்தது. ஆயினும் அந்த டிசம்பரில் மாஸ்கோ எழுச்சியை ஒடுக்க அனுப்பப்பட்ட செம்யோனோவ்ஸ்கி படைப்பிரிவு கட்டளைக்குக் கீழ்ப்படிந்தது, அரியணையும் தப்பியது. 1917 மார்ச் 8 அன்று பெட்ரோகிராடின் வைபோர்க் பகுதி நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டு வீதிக்கு வந்தபோது, நகரில் இருந்த படைகளில் பெரும்பாலோர் முதல் உலகப் போரின் முனைக்குப் போகக் காத்திருந்த புதியவர்களும் காயம் ஆறிக்கொண்டிருந்தவர்களும்தான். மார்ச் 11 அன்று வொலின்ஸ்கி படைப்பிரிவின் ஒரு பகுதி கூட்டத்தின் மீது சுட்டது. அன்றிரவு படைமுகாமில் அதைப் பற்றியே பேசிய அதே ஆட்கள், மறுநாள் காலையில் இனிச் சுடுவதில்லை என்று மறுத்து, தங்கள் அதிகாரியையும் கொன்றுவிட்டு மற்ற முகாம்களைக் கிளப்பப் புறப்பட்டார்கள். முந்நூறு ஆண்டு ரொமானோவ் ஆட்சி வீழ்ந்த நாளைக் குறிக்கச் சொன்னால், நான் முடி துறந்த நாளை விட்டுவிட்டு அந்த மார்ச் 12ஐத்தான் குறிப்பேன்.

முடி துறப்புப் பத்திரத்தையும் மெதுவாகப் படித்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. மொகிலேவ் தலைமைத் தளத்திலிருந்து கிளம்பிய ஜாரின் ரயில் தலைநகரை அடைய முடியாமல் வழியிலேயே திருப்பப்பட்டு ப்ஸ்கோவ் வந்து சேர்ந்தது. 15ஆம் தேதி காலை, தளபதி அலெக்ஸேயெவ் எல்லாப் போர்முனைத் தளபதிகளுக்கும் தந்தி அனுப்பிக் கருத்துக் கேட்டார். பிற்பகலுக்குள் வந்த பதில்கள், அரச குடும்பத்தைச் சேர்ந்த நிக்கோலாய் நிக்கோலாயெவிச்சின் பதில் உட்பட, விலகுவதே நல்லது என்றன. நாடாளுமன்றமான டூமாவின் சார்பில் இருவர் வந்து சேர்ந்த பின் நள்ளிரவுக்குச் சற்று முன்னர்தான் கையெழுத்து விழுந்தது. ஆனால் பத்திரத்தில் இருக்கும் நேரமோ பிற்பகல் 3.05. வந்தவர்களின் நெருக்கடிக்குப் பணிந்தது போலத் தோன்றக் கூடாது என்பதற்காக இட்ட நேரம் அது. ஓர் ஆவணம் எதைச் சொல்கிறது என்பதோடு எதை மறைக்க எழுதப்பட்டது என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கைக்கெட்டிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இடைப்பட்ட எட்டு மாதங்களுக்கு ஒரு கேள்வி போதும்: அரசு எதைத் தள்ளிப்போட்டது? ஆணையிடும் பொறுப்பு, ஜாருக்குப் பின் டூமா உறுப்பினர்கள் அமைத்த இடைக்கால அரசிடம் இருந்தது. சிப்பாய்களும் ரயில்வே தொழிலாளர்களும் செவிசாய்த்ததோ தொழிலாளர், சிப்பாய்ப் பிரதிநிதிகளின் மன்றமான பெட்ரோகிராட் சோவியத்துக்கு. போரை நிறுத்துவது, நிலத்தைப் பங்கிடுவது, அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடத்துவது ஆகிய மூன்றையும் இடைக்கால அரசு ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தது. ஜூலையில் போர்முனையில் ரஷ்யப் படைகளின் தாக்குதல் தோற்றது. செப்டம்பரில் தளபதி கொர்னிலோவ் தலைநகரை நோக்கிப் படையை அனுப்ப, அதைத் தடுப்பதற்கு இடைக்கால அரசின் தலைவர் கெரென்ஸ்கி நம்பியவர்களுள் போல்ஷ்விக்குகளும் இருந்தார்கள். அதே மாதத்தில் பெட்ரோகிராட், மாஸ்கோ சோவியத்துகளில் அவர்கள் பெரும்பான்மை பெற்றார்கள். நவம்பர் 7 நிகழ்வுக்கு அதிகப் பக்கங்கள் செலவிட வேண்டாம். பாலங்கள், தந்தி நிலையம், ரயில் நிலையங்கள், அரசு வங்கி எல்லாம் பெரிய சண்டையின்றிக் கைமாறின. குளிர்கால அரண்மனையின் மீது மக்கள் வெள்ளம் பாய்வதாக நாம் பார்த்துப் பழகிய காட்சி பின்னாளில் திரைக்காக எடுக்கப்பட்டது.

அதிகாரத்தைப் பிடித்ததைவிடத் தக்கவைத்துக்கொண்டது எப்படி என்பதே கடினமான பகுதி. அதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். முதல் ஆறு மாதங்களில் என்னென்ன அமைப்புகள், எந்த நெருக்கடிக்காக உருவாயின என்று வரிசையாக எழுதிக்கொண்டு வாருங்கள். நவம்பர் 8 இரவில் அமைதிக்கான ஆணையும் நிலத்துக்கான ஆணையும் வெளியாயின. நில ஆணையின் உள்ளடக்கம் பெரும்பாலும் போட்டிக் கட்சியான சோசலிஸ்ட் புரட்சியாளர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. அரசு ஊழியர்களும் வங்கி ஊழியர்களும் புதிய அரசுக்கு வேலை செய்ய மறுத்தார்கள். கருவூலச் சாவியே கையில் இல்லாத அரசாக அது சில வாரங்கள் திண்டாடியது. டிசம்பர் 20 அன்று செக்கா என்ற ரகசியக் காவல் அமைப்பு பிறந்த சூழல் இதுதான். அதன் பெயரில் ‘எதிர்ப்புரட்சி’யுடன் ‘நாசவேலை’ என்ற சொல்லும் இருப்பதைக் கவனிப்பவர்களுக்கு அந்த வேலைநிறுத்தம் நினைவுக்கு வரும்.

தேர்தல் முடிவுகளை அடுத்ததாகப் பாருங்கள். அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் போல்ஷ்விக்குகளுக்குக் கிடைத்தது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வாக்கு. முதலிடம் சோசலிஸ்ட் புரட்சியாளர்களுக்கு. மொத்தக் கணக்கோடு நின்றுவிட்டால் பாதிதான் புரியும். பெட்ரோகிராட், மாஸ்கோ, அவற்றுக்கு அருகில் இருந்த வடக்கு, மேற்குப் போர்முனைகள் ஆகியவற்றில் போல்ஷ்விக்குகளே முந்தியிருந்தார்கள். அதாவது துப்பாக்கியும் ரயில் சந்திப்பும் இருந்த இடங்களில். 1918 ஜனவரி 18 அன்று கூடிய சபை மறுநாள் விடியும் முன்பே கலைந்தது. ‘காவலர்கள் களைத்துவிட்டார்கள்’ என்று ஒரு மாலுமி வந்து சொன்னதுடன் கூட்டம் முடிந்தது.

உள்நாட்டுப் போரைப் படிக்கும்போது வரைபடத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். நாட்டின் நடுப்பகுதியும் மாஸ்கோவிலிருந்து நாற்புறமும் பிரியும் ரயில் பாதைகளும் போல்ஷ்விக்குகளின் படையான செஞ்சேனையிடம் இருந்தன. அவர்களை எதிர்த்த வெள்ளைப் படைகள் ஒன்றையொன்று எட்ட முடியாத விளிம்புகளில் நின்றன. குடியானவர் எடுத்துக்கொண்ட நிலம் இனி அவர்களுக்கே என்று தெளிவாகச் சொல்லவும் அவை தயங்கின. ஜாரின் முன்னாள் அதிகாரிகளையே ஆயிரக்கணக்கில் படையில் சேர்த்து, அவர்களுக்குப் பக்கத்தில் கட்சியின் கண்காணிப்பாளராக ஒரு கமிசாரையும் நிறுத்தியது ட்ராட்ஸ்கியின் ஏற்பாடு. அந்தப் படைக்குச் சோறு போட்டது கிராமங்களில் கட்டாயமாகப் பறித்த தானியம் என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.

எந்த விதியையும் முடிவு செய்வதற்கு முன் ஓர் ஒப்பீடு அவசியம். 1918 நவம்பரில் ஜெர்மானியப் பேரரசரும் வீழ்ந்தார்; ஆனால் அங்கே 1919 ஜனவரியில் பெர்லினில் எழுந்த கம்யூனிஸ்டுகள் நசுக்கப்பட்டார்கள். ஹங்கேரியில் பேலா குன்னின் சோவியத் குடியரசு 133 நாட்கள் நீடித்தது. எத்தியோப்பியாவில் 1974இல் ஹைலே செலாசியை இறக்கிய இராணுவ அதிகாரிகள்தான் பின்னர் தங்களை மார்க்சியவாதிகள் என்று அறிவித்துக்கொண்டார்கள். மன்னர் வீழ்ந்த இடமெல்லாம் ஒரே பாதையில் போகவில்லை.

இவ்வளவையும் படித்து முடித்தவர் 1921 மார்ச்சைத் தாமே பகுத்துப் பார்க்கலாம். 1917இல் போல்ஷ்விக்குகளுக்குத் தோள் கொடுத்த அதே க்ரோன்ஷ்டாட் கடற்படைத் தளம், சோவியத்துகளுக்குச் சுதந்திரமான மறுதேர்தல் கேட்டு எழுந்தது. உறைந்த கடலைக் கடந்து சென்ற செஞ்சேனை அதை அடக்கியது. அந்த நாட்களிலேயே நடந்த பத்தாவது கட்சி மாநாடு தானியப் பறிமுதலைக் கைவிட்டு வரியாக மாற்றியது, கட்சிக்குள் குழுக்கள் சேர்வதற்கும் தடை விதித்தது. சுடச் சொன்னபோது சிப்பாய் என்ன செய்தான், தானியம் யாரிடம் இருந்தது, அரசு எதை விட்டுக்கொடுத்தது, எதை இறுக்கிப் பிடித்தது என்று முதலில் எழுதிய தாளிலேயே கீழே நான்கு வரிகள் எழுதிப் பாருங்கள்.