‘நாட் மீ’ பார்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

‘நாட் மீ’ பாருங்கள் என்று நான் பிடுங்கியெடுத்ததில் ஒரு நண்பர் இரண்டாவது பாகத்திலேயே கழன்றுகொண்டார். இன்னொருவர் இப்படி ஒரு தொடர் உலகத்திலேயே வந்ததில்லை என்று ஒரு வாரம் என்னைத் தூங்கவிடாமல் மெசேஜ் அனுப்பினார். இருவருமே தப்பாகத்தான் பார்த்தார்கள் என்பது என் கட்சி.

தெரியாதவர்களுக்கு: தாய்லாந்தின் ஜிஎம்எம் 25 சேனலில் 2021 டிசம்பர் 12-ல் தொடங்கி அடுத்த மார்ச் வரை 14 பாகங்களாக ஓடிய பிஎல் தொடர் இது, அதாவது ‘பாய்ஸ் லவ்’, ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான காதல் கதை. அங்கே இந்த வகைக்கு ‘சீரிஸ் வாய்’ என்று பெயர் (நம் வாய் இல்லை, ஒய் என்ற ஆங்கில எழுத்தை அவர்கள் சொல்லும் விதம், ஜப்பானிய ‘யாவோய்’ என்பதன் முதலெழுத்து). ரஷ்யாவிலிருந்து ஊர் திரும்பும் வொயிட், தன் இரட்டைச் சகோதரன் பிளாக் யாரிடமோ அடிபட்டுக் கோமாவில் கிடப்பதைப் பார்க்கிறான். அடித்தது யார் என்று கண்டுபிடிக்க பிளாக் போலவே வேஷம் போட்டு அவனுடைய கும்பலுக்குள் நுழைகிறான். சட்டம் தொடாத பணக்காரர்களைத் தாங்களே தண்டிக்கக் கிளம்பிய கும்பல் அது. அங்கே ஷான் என்று ஒருவன் இருக்கிறான், அப்புறம் என்ன, காதல்.

முதல் தவறு, “கூடப் பழகியவனுக்கு ஆள் மாறியது தெரியாதா?” என்று கேட்டுத் தொடரை மூடிவைப்பது. இரட்டை வேடப் படங்கள் பார்த்தே வளர்ந்த நாம் கேட்கக்கூடிய கேள்வியா இது? இரட்டையர்களாக நடிக்கும் கன் அத்தபன், தோள் நிற்கும் விதத்திலேயே இவன் வேறு அவன் வேறு என்று காட்டிவிடுகிறார். ஓட்டை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது இந்தக் கதைக்கான நுழைவுக் கட்டணம், கட்டிவிட்டு உள்ளே போங்கள்.

மெசேஜ் அனுப்பிய நண்பர் செய்தது இதைவிடப் பெரிய தவறு. தொடரின் மனசு நல்ல மனசு என்பதற்காகத் திரைக்கதைக்கும் சேர்த்து மார்க் போட்டுவிட்டார். ஷான் காதலிப்பது யாரை? நெருங்கி வருகிறவன் உண்மையில் யார் என்றே அவனுக்குத் தெரியாது, அந்தப் பொய்யின் மேல்தான் அத்தனை நெருக்கமும் கட்டப்படுகிறது, உண்மை வெளிவந்த பிறகு வரும் கோபத்தையாவது தொடர் பொறுமையாக உட்கார்ந்து பார்த்திருக்கலாம், அதுவும் இல்லாமல் அவசர அவசரமாகச் சமாதானம் செய்துவைத்துவிடுகிறது. ஏழைகளின் நியாயம், திருமண உரிமை, மாற்றுத்திறனாளிகள், போதைப்பொருள், போலீஸ் என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் பரிமாறியதில் சில விஷயங்கள் வேகவே இல்லை. கும்பலில் ஒருவனான யோக், காது கேளாத தன் அம்மாவிடம் சைகை மொழியில் பேசும் இடங்கள் எவ்வளவு அழகு! அதற்குக் கொடுத்த நேரம் மட்டும் கம்மி.

யோக்குக்கும் டான் என்ற போலீஸ்காரருக்கும் நடக்கும் காதலை வெறும் இனிப்பாக விழுங்குவதும் தவறுதான். பாங்காக்கில் 2020 அக்டோபர் 16 அன்று பதும்வான் சந்திப்பில் அரசை எதிர்த்துக் கூடிய இளைஞர்கள் மீது போலீஸ் ரசாயனம் கலந்த தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. அதை மறக்காத பார்வையாளர்களுக்கு ஓராண்டு கழித்து ஓவியம் வரையும் நல்ல போலீஸ்காரரைத் தொடர் காட்டுகிறது. டானுக்குள் போராட்டம் நடப்பது உண்மை, அந்த ஜோடி எனக்கும் பிடிக்கும், ஆனாலும் சீருடையைக் கொஞ்சம் மலிவாகவே கழுவிக் கொடுத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்தது காலண்டரைப் பார்க்காமல் பார்ப்பது. தாய்லாந்தில் ஒருபால் திருமணச் சட்டம் 2025 ஜனவரி 23 முதல் நடைமுறையில் இருக்கிறது, அதனால் இன்று பார்க்கிறவர்களுக்குத் தொடரில் வரும் வானவில் கொடிப் போராட்டம் ஒரு அலங்காரக் காட்சி போலத் தெரியலாம். திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும்தான் என்று சொல்லும் சிவில் சட்டத்தின் 1448-வது பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது இல்லை என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2021 நவம்பர் 17-ல். அடுத்த மாதமே தொடர் ஆரம்பித்துவிட்டது. அப்போது இரண்டு ஆண்கள் வாழ்நாள் முழுக்கச் சேர்ந்து வாழ்ந்தாலும் சட்டத்தின் கண்ணில் வாழ்க்கைத்துணை கிடையாது, உயில் இல்லையென்றால் துணையின் சொத்தில் பங்கும் கிடையாது. பிஎல் தொடர்களை வைத்து தாய்லாந்தே சொர்க்கம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்தக் காட்சி கொடுத்த அடி நல்ல அடி.

“இவ்வளவு அரசியல் பேசிவிட்டு ஏன் யார் பெயரையும் சொல்லவில்லை, ஏன் எல்லாப் பாவத்தையும் தவி என்ற ஒரே பணக்கார வில்லன் தலையில் கட்டினார்கள்?” என்றும் கேட்கிறார்கள். அரச குடும்பத்தை அவமதித்தால் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை என்கிற 112-வது பிரிவு இருக்கும் ஊரில், டிவி சேனலில் ஓடும் தொடர் இது. ஒரு எல்லைக்கு மேல் கையை நீட்ட முடியாது என்பதை மனதில் வைத்துப் பார்த்தால், தொடரில் வருகிறவர்கள் சுவரில் வரையும் படங்கள்கூட வேறு மாதிரி தெரியும். அதற்காகத் தவியின் பாத்திரம் அட்டைப்பலகை இல்லை என்றும் ஆகிவிடாது.

ஆங்கில சப்டைட்டிலை முழுக்க நம்பவும் வேண்டாம். தாய்லாந்து மொழியில் ‘நான்’, ‘நீ’ சொல்லவே மரியாதைக்கு ஒன்று, நெருக்கத்துக்கு ஒன்று, முரட்டுத்தனத்துக்கு ஒன்று என்று பல வார்த்தைகள் உண்டு. கும்பலுக்குள் ‘கூ’, ‘முங்’ என்று போகும் பேச்சு ஏறக்குறைய நம் ‘டேய்’ ரகம், ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே ‘யூ’. நீங்க, நீ, டா மூன்றுக்கும் வித்தியாசம் தெரிந்த காது நமக்கு இருக்கிறது, அதைக் கழற்றி வைத்துவிட்டு எழுத்தை மட்டும் படிக்காதீர்கள்.

கடைசியாக, ஷானாக நடித்த ஆஃப் ஜும்போலும் கன்னும் இதற்கு முன்பும் ஜோடியாக நடித்தவர்கள், ரசிகர்களுக்கு அவர்கள் ‘ஆஃப்கன்’. அந்தப் பாசத்தில் ஷான் செய்யும் எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் ஷான் பிளாக்கிடம் எரிந்து எரிந்து விழுகிறானே, அது செல்லச் சண்டை கிடையாது. செல்லச் சண்டையாகப் பார்த்தால் பின்னால் அவன் மாறுவது புரியவே புரியாது, பாதித் தொடர் வீண்.