நெட்வொர்க் சுவிட்சுக்குள் நுழைய முடியவில்லையா? ரீசெட் பட்டனைத் தொடாதீர்கள்

மேனேஜ்டு சுவிட்ச்சின் (அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய நெட்வொர்க் சுவிட்ச்) லாகின் பக்கம் திறக்கவில்லை என்றதும் ரீசெட் அடித்துவிடாதீர்கள், விலேன் (ஒரே சுவிட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது) அமைப்பு மொத்தமும் போய்விடும். முதலில் லேப்டாப்பின் ஐபியைப் பாருங்கள். சிஸ்கோவின் சிறு வணிக சுவிட்ச்சுகள் பலவற்றில் ஆரம்ப முகவரி 192.168.1.254, உங்கள் லேப்டாப் 192.168.0 வரிசையில் இருந்தால் எத்தனை முறை தட்டினாலும் திறக்காது, அதனால் 192.168.1.10 என்று கையால் கொடுத்து, மாஸ்க் 255.255.255.0 போட்டு, சுவிட்ச் பதில் தருகிறதா என்று பிங் கட்டளை அடித்துப் பாருங்கள்.

பிங் வருகிறது, பக்கம் மட்டும் வரவில்லையா? பிரவுசரில் முகவரிக்கு முன்னால் எச்டிடிபிஎஸ் போட்டுப் பாருங்கள், எச்டிடிபியை யாராவது அணைத்து வைத்திருக்கலாம்.

பிங்கே வரவில்லை என்றால் பெரும்பாலும் விலேன் தகராறுதான். நீங்கள் செருகியிருக்கும் போர்ட் 20-வது விலேனில், மேனேஜ்மென்ட் ஐபி (லாகின் பக்கம் திறக்கும் சுவிட்ச்சின் முகவரி) 1-வது விலேனில், நடுவில் ரவுட்டிங் (ஒரு விலேனிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலைக் கடத்துவது) இல்லை என்றால் எப்படிப் போகும்? 1-வது விலேனில் இருக்கும் வேறு போர்ட்டில் மாற்றிச் செருகுங்கள்.

அதிலும் வரவில்லை என்றால் அப்புறம் கன்சோல் கேபிள், அதாவது லேப்டாப்பைச் சுவிட்ச்சின் கன்சோல் போர்ட்டில் நேரடியாக இணைக்கும் கேபிள். சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் வகை சுவிட்ச்சுகளுக்கு டெர்மினல் மென்பொருளில் வேகம் 9600, 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். திரையில் குப்பை எழுத்து வந்தால் பெரும்பாலும் வேகம் தப்பு. உள்ளே போனதும் 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்' அடியுங்கள், விலேன் வரிசையில் 'டவுன்' என்று இருந்தால் பெரும்பாலும் அந்த விலேனில் ஒரு போர்ட்டுகூட உயிரோடு இல்லை என்று பொருள். சரிசெய்ததும் மறக்காமல் சேமித்துவிடுங்கள்.