ஃபைலுக்கு ஒரு ஹாஷ், பாஸ்வேர்டுக்கு வேற ஹாஷ்: செஞ்சு பாத்தே புரிஞ்சுக்கலாம்

முதல்ல ஒரு டெக்ஸ்ட் ஃபைல் உருவாக்குங்க, உள்ள ஒரே ஒரு வரி போதும். லினக்ஸ் டெர்மினலைத் திறந்து எம்டி5சம் (md5sum) கமாண்டை அடிச்சு, ஸ்பேஸ் விட்டு ஃபைல் பேரைக் குடுங்க. 32 எழுத்துல ஒண்ணு வரும், அதுதான் ஹாஷ், ஃபைலோட உள்ளடக்கத்துலேருந்து கணக்கு போட்டு எடுக்கற ஒரு கைரேகை மாதிரி. அதே ஃபைலுக்கு ஷா1சம் (sha1sum) போட்டா 40 எழுத்து, ஷா256சம் (sha256sum) போட்டா 64. எம்டி5, ஷா1, ஷா256ங்கறதெல்லாம் ஹாஷ் போடற வெவ்வேற முறைகள்.

இப்ப ஃபைல்ல ஒரே ஒரு கமா சேத்து சேவ் பண்ணிட்டு மறுபடி போடுங்க, ஹாஷ் அடியோட மாறியிருக்கும். கமாவை எடுத்துட்டா பழைய ஹாஷே திரும்ப வந்துடும். ஃபைல் இல்லாம எக்கோ (echo) கமாண்டுல டெக்ஸ்டை அனுப்பினா மட்டும் கடைசில கண்ணுக்குத் தெரியாத ஒரு நியூலைன், அதாவது வரி முடியற குறி, ஒட்டிக்கும், அதையும் சேத்துதான் ஹாஷ் ஆகும், புதுசா பழகறவங்க நிறைய பேர் குழம்பறது இங்கதான்.

அடுத்து, எம்டி5 உடைஞ்சு போச்சுன்னு சொல்றாங்களே, அதுக்கு ஹாஷ்லேருந்து ஃபைலைத் திருப்பி எடுத்துட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. ரெண்டு வேற வேற ஃபைலுக்கு ஒரே ஹாஷ் வர வைக்க முடியுது, அவ்வளவுதான், இதுக்குப் பேரு கொலிஷன். எம்டி5ல 2004லயே இதைக் காட்டிட்டாங்க, 2012ல வெளிய தெரிஞ்ச ஃப்ளேம் மால்வேர் இதை வச்சுதான் மைக்ரோசாஃப்ட் சைன் பண்ண மாதிரியே போலியா வந்துச்சு. ஷா1க்கு 2017ல கூகுளும் ஆம்ஸ்டர்டாம்ல இருக்கற சிடபிள்யூஐ ஆய்வு மையமும் சேந்து ரெண்டு பிடிஎஃப் செஞ்சு வெளியிட்டாங்க. அது ரெண்டையும் எறக்கி ஷா1சம் போட்டுப் பாருங்க, ஒரே ஹாஷ் வரும், ஷா256சம் போட்டா தனித்தனியா வரும். கண்டிப்பா செஞ்சு பாருங்க, பத்து கட்டுரை படிச்சாலும் இந்தத் தெளிவு வராது.

ஃபைல் சரிபாக்க ஷா256 போதும். அதுக்கும் ஒரு பலவீனம் இருக்கு, மெசேஜை வழியில யாரும் மாத்தலைன்னு உறுதி பண்ண ரகசிய கீயை மெசேஜுக்கு முன்னாடி ஒட்டி அப்படியே ஹாஷ் பண்ணினா, கீ தெரியாதவங்களும் பின்னாடி எதையாவது சேத்து சரியான ஹாஷைக் கணக்கு போட்டுடலாம், அதனால அந்த வேலைக்கு ஹெச்மேக் (HMAC), அதாவது கீயைப் பாதுகாப்பா சேத்து ஹாஷ் பண்ற முறையை யூஸ் பண்ணுங்க. 2015ல ஸ்டாண்டர்டா வந்த ஷா3ல இந்த ஓட்டை கிடையாது.

பாஸ்வேர்டை மட்டும் தயவுசெஞ்சு ஷா256ல போட்டு வைக்காதீங்க! அது ரொம்ப வேகம், ஃபைலுக்கு அது நல்லது, ஆனா டேட்டாபேஸ் திருடு போனா அதே வேகத்துல திருடன் கிராபிக்ஸ் கார்டை வச்சு செகண்டுக்குக் கோடிக்கணக்குல பாஸ்வேர்டு போட்டுப் பாப்பான். பாஸ்வேர்டுக்குன்னே செஞ்ச, வேணும்னே மெதுவா ஓடற ஆர்கான்2ஐடி (Argon2id) ஹாஷை எடுங்க, இல்லன்னா பிகிரிப்ட் (bcrypt). ரெண்டுலயும் ஒவ்வொரு பாஸ்வேர்டுக்கும் தனி சால்ட், அதாவது ஒரே பாஸ்வேர்டுக்கும் வேற வேற ஹாஷ் வர வைக்கற ரேண்டம் எழுத்துகள், சேரும். பிகிரிப்ட்ல எவ்வளவு மெதுவா ஓடணும்னு சொல்ற காஸ்ட் எண்ணை ஒண்ணு கூட்டினா நேரம் ரெண்டு மடங்காகும், உங்க சர்வர் தாங்கற வரைக்கும் ஏத்திப் பாருங்க. பாஸ்வேர்டுல 72 பைட்டுக்கு மேல உள்ளதை பிகிரிப்ட் கண்டுக்காது, தமிழ்ல பாஸ்வேர்டு வச்சா யுனிகோடுல ஒரு எழுத்துக்கே 3 பைட்டோ 6 பைட்டோ போயிடும், அதையும் கணக்குல வச்சுக்கோங்க.