வீட்டில் லேசர் மெஷினால் முடி நீக்குவது எப்படி? முதல்முறை பாவிப்பவர்களுக்கு

ஒன்லைனில் மெஷினை வாங்கிவிட்டு, "இனி என்ன செய்யணும் அக்கா?" என்று கேட்கும் தங்கச்சிமார் இப்போது ஹட்டனிலும் இருக்கிறார்கள், பண்டாரவளையிலும் இருக்கிறார்கள். பெட்டியைப் பிரித்ததும் கரண்டில் போடாதீர்கள். எந்தத் தோல் நிறத்துக்கு மெஷின் பொருந்தும் என்று காட்டும் நிற அட்டை உள்ளே இருக்கிறதா என்று தேடுங்கள். அட்டையே இல்லாத மெஷின் என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

1. நிறம் பாருங்கள்

முடியிலுள்ள மெலனின் என்ற கறுப்பு நிறமி ஒளியை வாங்கிச் சூடாகும். அந்தச் சூட்டில்தான் வேர் நலிகிறது. அதே மெலனின் தோலிலும் உண்டு. தோல் கறுப்பாக இருந்தால், வேருக்குப் போகவேண்டிய சூடு மேலேயே தங்கிவிடும். கொப்புளம் போடும், பிறகு மாதக்கணக்கில் மாறாத கருந்திட்டு விழும். வீட்டு மெஷின்களில் பெரும்பாலானவை மாநிறம் வரைக்கும்தான். பெட்டியில் லேசர் என்று போட்டிருந்தாலும் பலவற்றில் இருப்பது ஐபிஎல் எனப்படும், விட்டுவிட்டு மின்னும் பலமான ஒளி. அதற்கும் இதே கதைதான்.

அட்டையைப் பகல் வெளிச்சத்தில், முடி நீக்கப்போகும் இடத்திலேயே வைத்துப் பாருங்கள். கொழுந்து பறிக்கும் கையும் உடுப்புக்குள் இருக்கும் காலும் ஒரே நிறமாக இருக்காது. குளிர் ஊரில் வெயில் சுடாது என்று நம்பவும் வேண்டாம். நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும்.

அட்டை ஒத்துவராவிட்டால் அந்த இடத்தில் மெஷினை வைக்கவே கூடாது. கறுத்த தோலுக்குப் பொருத்தமானது, தோலின் மேற்பரப்பைத் தாண்டி ஆழத்துக்குப் போகும் என்டி-யாக் என்ற லேசர் (அலைநீளம் 1064 நானோமீட்டர்). அதைத் தோல் வைத்தியரிடம்தான் செய்துகொள்ள வேண்டும். நம் நிறத்துக்கு இந்தச் சின்ன மெஷின் போதாது, அவ்வளவுதான். இதற்காக யாரும் மனம் நோகக் கூடாது.

கர்ப்பிணிகளும், பருவுக்கு டொக்சிசைக்கிளின் அல்லது ஐசோட்ரெட்டினோயின் என்ற மருந்து குடிப்பவர்களும் தொடவேண்டாம். மச்சம், பச்சை குத்திய இடம், கண்ணைச் சுற்றி எல்லாம் விலக்கு. மாதவிடாய் ஒழுங்கில்லாமல் தாடையில் முடி தடிப்பாக வந்தால், முதலில் வைத்தியரைப் பாருங்கள். தென்னாசியப் பெண்கள் சிலருக்கு முகத்தில் ஒளி பட்டு முடி கூடியதும் உண்டு.

2. சவரம்

முதல்நாள் ரேசரால் வழித்துவிடுங்கள். வாக்ஸ், நூல் வேண்டாம். வேரோடு வந்துவிட்டால் ஒளிக்கு வேலை இல்லை. மஞ்சள், எண்ணெய், கிரீம் எல்லாவற்றையும் கழுவி நன்றாக ஈரம் துடையுங்கள்.

3. சோதனை

ஆகக் குறைந்த அளவில் ஓரிடத்தில் மட்டும் ஒரு தடவை அடித்து, 24 மணித்தியாலம் பொறுங்கள். மாநிறத்தவர் 48 மணித்தியாலம் பொறுப்பது நல்லது.

4. செய்வது

மெஷினின் முகம் தோலில் முழுதாகப் படியட்டும். ஒளி அடித்ததும் பக்கத்து இடத்துக்கு நகருங்கள். அடித்த இடத்திலேயே திரும்ப அடிக்காதீர்கள். இளஞ்சூடும் லேசான சிவப்பும் சாதாரணம். எரிந்தால் உடனே நிறுத்தி, குளிர்ந்த தண்ணீரை ஓடவிடுங்கள். பற்பசை பூசவே கூடாது.

5. பிறகு

அன்றைக்குச் சுடுதண்ணீர்க் குளிப்பு வேண்டாம். நம் குளிருக்கு இதுதான் கஷ்டம், ஆனாலும் பொறுங்கள். இரண்டு கிழமைக்கு நீளக் கைச்சட்டை போடுங்கள், இல்லாவிட்டால் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் பூசுங்கள்.

வளரும் பருவத்தில் இருக்கும் முடிதான் ஒளிக்கு மசியும். அதனால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வீதம் இரண்டு மூன்று மாதம் செய்யவேண்டும். முடி குறையும், மெலியும்; அடியோடு போய்விடாது. விட்டுவிட்டால் மெதுவாகத் திரும்பும் என்பதால், பிறகும் இடைக்கிடை செய்யவேண்டி வரும். நரைமுடிக்கு இது வேலை செய்யாது.